நம்பிக்கை போன பிறகு இரவில் யாரிடம் பேசுவது?

வாசகர் கேள்வி | 2024 ஜனவரி 9

எட்டு மாதமாக எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. யாரோடும் சண்டை போட்டு வரவில்லை. ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் இல்லை, அவ்வளவுதான். பகலில் நன்றாகத்தான் இருக்கிறேன், வாதம் செய்யச் சொன்னால் செய்வேன். விளக்கை அணைத்ததும்தான் சிக்கல். இருபத்தைந்து வருடமாகத் தூங்கும் முன் ஒருவரிடம் பேசிப் பழகிவிட்டேன். இப்போது யாரிடம் பேசுவது? இது பலவீனமா? திரும்பிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு 11.50

பலவீனம் இல்லை. நான் வெளியே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடம் எனக்கும் இதே கதைதான். போர்வையை இழுத்துக்கொண்டதும் வாய் தானாக ஆரம்பிக்கும்: "இன்னைக்கு என்ன ஆச்சுன்னா..." அதோடு நின்றுவிடும். யாரிடம் சொல்கிறேன்? பாதி வாக்கியம் தொண்டையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நம்பிக்கையை விட்டவர்கள் எழுதுவதைப் படித்தால் விடுதலை, தெளிவு, சுமை இறங்கியது என்றே இருக்கும். எனக்கும் அதெல்லாம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் "நீ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இருக்கமாட்டார் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உலகத்தைப் படைத்தவர் போனதில் எனக்கு ஒன்றும் குறையவில்லை, உலகம் அப்படியேதான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் போனதுதான் வலித்தது.

காலையில் வேலை இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10

என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். முதலில் தப்பானதைச் செய்தேன். புத்தகம் புத்தகமாகப் படித்தேன். கடவுள் இல்லை என்பதற்கு இன்னும் பத்துக் காரணம் தெரிந்தால் இரவு சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்குக் காரணம் குறைவாக இருந்ததே இல்லை. குறைந்தது பேச்சுத் துணை.

பிறகு ஒரு நாள் இரவு பத்தரைக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு இரவு வேலை, விழித்துத்தான் இருப்பான். எடுத்ததும் "சொல்லு" என்றான். அவன் எப்போதும் அப்படித்தான் எடுப்பான். அன்றைக்கு அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்றேன். "சரி, சும்மாவே சொல்லு" என்றான். அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு நாளாவது பேசுகிறோம். கடவுளிடம் சொன்னதில் பாதியைக்கூட அவனிடம் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அவன் பதில் சொல்கிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். யாருக்காகவும், பொய்யாகக்கூட, சேர்ந்து பிரார்த்தனை செய்யாதீர்கள். ஒருமுறை தலையாட்டினால் பிறகு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஜனவரி 14

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத மூன்று நாள் தயங்கினேன்.

தம்பியும் அவன் நண்பனும் ஒரே பைக்கில் போனார்கள். ஓட்டியவன் தம்பி. லாரி. இருவரையும் ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் ஐந்து, கீழே ஒரே இரும்புக் கம்பியில் பிணைத்தவை. இந்த ஓரத்தில் என் அம்மாவும் நானும், அந்த ஓரத்தில் அவனுடைய அம்மா. நடுவில் இரண்டு நாற்காலி காலி. இரவு முழுக்க மூன்று பேருமே பிரார்த்தனைதான். ஒரே கடவுளிடம், கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில். அவர் உதடு அசைவதைப் பார்த்து எந்த வரியில் இருக்கிறார் என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது.

விடிகாலை நாலு மணிக்கு அவன் போய்விட்டான். அவர் எழுந்து அழவில்லை. கையெழுத்துப் போட ஏதோ தாளுக்காக அங்கேயே காத்திருந்தார். மடியில் மகனின் செல்ஃபோன். விஷயம் தெரியாத நண்பர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து வந்து என்னிடம் நீட்டினார். நிறுத்திக் கொடுத்தேன். "தேங்க்ஸ்மா" என்றார்.

ஆறே முக்காலுக்கு டாக்டர் வந்து தம்பி ஆபத்தைத் தாண்டிவிட்டான் என்றார். என் அம்மா நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். "காப்பாத்திட்டாரு, கடவுள் காப்பாத்திட்டாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கம்பி ஒன்றுதானே, ஐந்து நாற்காலியும் சேர்ந்து ஆடியது. அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரும் ஆடினார். மடியிலிருந்த ஃபோனும் ஆடியது.

அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்தால் எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள். நானும் "நன்றி" என்று ஆரம்பித்தேன், என்னால் முடிக்க முடியவில்லை. நன்றி என்றால் எதற்கு? இவனைத் தேர்ந்தெடுத்ததற்கா? அப்படியானால் அவனைத் தேர்ந்தெடுக்காததும் அவர்தானே. அந்த இடத்தில் என் நம்பிக்கை முடிந்தது.

ஜனவரி 15

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். கடைசி வரி உண்மை இல்லை. அங்கே முடியவில்லை, விரிசல்தான் விட்டது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன், பாடிக்கொண்டிருந்தேன். சில நாள் உண்மையாகவே நம்பவும் செய்தேன். கதையாகச் சொல்லும்போது ஒரே இரவில் நடந்ததுபோல் ஆகிவிடுகிறது.

சார்லஸ் டார்வினுக்கும் இதைத்தான் செய்கிறார்கள். அவருடைய மகள் ஆனி 1851இல் பத்து வயதில் இறந்துபோனாள், அதோடு அவர் நம்பிக்கை போயிற்று என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்தச் சாவு அவரை உடைத்துப்போட்டது உண்மை. ஆனால் அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில், அவநம்பிக்கை மிக மிக மெதுவாகத் தன்மேல் படர்ந்தது, அவ்வளவு மெதுவாக வந்ததால் வேதனையே தெரியவில்லை என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் "ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் இல்லை" என்றதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 22

"பிரார்த்தனை வேலை செய்யாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் தம்பி பிழைத்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பிரார்த்தனை பலித்த நாள் மனதில் தங்கும், பலிக்காத நாள் தங்காது. அதனால் நம் நினைவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது, எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அதில் இரண்டு குழுவுக்காக 14 நாள் பிரார்த்தனை செய்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. பிரார்த்தனை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் இருந்தவர்களில், கிடைத்தவர்களுக்குச் சிக்கல் வந்தது 52 சதவீதம், கிடைக்காதவர்களுக்கு 51 சதவீதம். "உங்களுக்காக நிச்சயம் பிரார்த்தனை நடக்கிறது" என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59 சதவீதம். அந்தக் கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். எனக்காக இவ்வளவு பேர் பிரார்த்திக்க வேண்டிய அளவுக்கா நிலைமை இருக்கிறது என்று நோயாளிகள் பயந்திருக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். தற்செயலாகவும் இருக்கலாம்.

அப்படியானால் நாம் ஏன் விடாமல் செய்கிறோம்? 1948இல் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் வைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி விழும்படி செய்தார். எட்டில் ஆறு புறாக்கள் ஆளுக்கொரு வினோத அசைவைப் பிடித்துக்கொண்டன. ஒன்று வட்டமாகச் சுற்றியது. ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. தீனி விழும்போது தற்செயலாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் தீனியைக் கொண்டுவந்தது என்று நம்பியதுபோல் நடந்துகொண்டது என்றார் ஸ்கின்னர். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் வலது கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. பன்னிரண்டு வருடம் ஆகியும் போகிறது. நான் அதைத் தடுப்பதில்லை.

பிப்ரவரி 2

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு: வீட்டில் சொன்னதும் முதலில் வருவது அழுகை, அடுத்து வருவது "படிச்ச திமிரு". என் பெரியப்பா அதையேதான் சொன்னார்: "நாலு எழுத்து படிச்சதும் கடவுளைவிடப் பெரிய ஆளாயிட்டியா?" சுருக்கென்றது, ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று எனக்கே சந்தேகம்.

பகத்சிங்குக்கும் இதே குற்றச்சாட்டு வந்தது. லாகூர் சிறையில் கூட இருந்தவர்கள், உன் அகந்தைதான் உன்னை நாத்திகன் ஆக்கியது என்றார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1930 அக்டோபரில் "நான் நாத்திகன் ஏன்?" என்ற கட்டுரையை எழுதினார். எனக்கு அதில் பிடித்தது வாதங்கள் இல்லை. நம்பிக்கை கஷ்டத்தை இலேசாக்கும், சில சமயம் இனிமையாகக்கூட ஆக்கும் என்று அவர் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். அது இல்லாமல் சொந்தக் காலில் நிற்பது எவ்வளவு கடினம் என்றும் சொல்கிறார். தூக்கு வரப்போகிறது என்று தெரிந்த 23 வயது ஆள் எழுதியது அது. ஆறு மாதத்துக்குள், 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிட்டுவிட்டார்கள்.

ஆறுதல் வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதும் ஆறுதலுக்காகப் பொய்யை நம்ப மறுப்பதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கேள்வி கேட்டவரே, நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

பிப்ரவரி 3

நரக பயம் போகுமா என்று கேட்டவருக்கு: போகும். புத்தியிலிருந்து ஒரு மாதத்தில் போனது. வயிற்றிலிருந்து போக ஐந்து வருடம் ஆனது. காய்ச்சல் வந்த இரவுகளில் திரும்ப வரும், பயப்படாதீர்கள்.

பிப்ரவரி 18

புறாவைப் பற்றி ஜனவரியில் எழுதியதில் ஒரு திருத்தம். 1971இல் ஸ்டேடன், சிம்மல்ஹாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து இன்னும் நுணுக்கமாகக் கவனித்தார்கள். தீனி வரும் நேரம் நெருங்கும்போது புறாக்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன, அலகால் கொத்தின. இடைப்பட்ட நேரத்தில்தான் சுற்றுவது, நடப்பது எல்லாம். ஆகவே தற்செயலான அசைவைக் காரணமாக நினைத்துக்கொண்டது என்ற ஸ்கின்னரின் விளக்கம் அவ்வளவு எளிதாக நிற்காது. புறாவுக்கு மூடநம்பிக்கை என்று நான் அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், முன்பு நான் இருந்த இடத்தில் திருத்தம் என்பதே கிடையாது. ஒருமுறை எழுதப்பட்டால் எழுதப்பட்டதுதான். தப்பாகச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிவது எனக்கு இன்னமும் புதிதாக இருக்கிறது.

மார்ச் 5

மன்னிப்பு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நம்பிக்கை இருந்த காலத்தில் அலுவலகத்தில் ஒரு தப்பு செய்தேன். அறிக்கையில் ஒரு எண்ணை மாற்றிப் போட்டது நான். மேலதிகாரி கேட்டபோது எனக்குக் கீழே வேலை பார்த்த பையனைப் பார்த்தேன். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். திட்டு அவனுக்கு விழுந்தது. அன்றிரவு முழங்காலிட்டு அழுது மன்னிப்புக் கேட்டேன். மனம் லேசானது. தூங்கிவிட்டேன். அவனிடம் கேட்கவே இல்லை!

வெளியே வந்த பிறகுதான் அந்த விஷயம் திரும்ப வந்தது. மன்னித்தவர் இல்லை என்றால் மன்னிப்பும் இல்லைதானே. நாலு வருடம் கழித்து அவன் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சொன்னான்: "அது ஒரு வியாழக்கிழமை மேடம். நீங்க என்னைப் பார்த்தீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்." மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. கூப்பிட்டதற்கு நன்றி என்றான். எனக்குக் கிடைத்தது அதுதான். முழங்காலிட்ட இரவைவிட இது கஷ்டமாக இருந்தது, ஆனால் இதில் அவனும் இருந்தான்.

கடவுளை விட்டால் ஒழுக்கம் போய்விடும் என்பார்கள். என் அனுபவத்தில் கணக்கு இன்னும் கறாராகிவிட்டது.

மார்ச் 30

கணவர் நம்புகிறவர், மனைவி நம்பாதவர், இது ஓடுமா என்று ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். எங்கள் வீடே அப்படித்தான், ஓடுகிறது. ஆனால் "ஒருவரை ஒருவர் மதித்தால் போதும்" என்ற பதிலை நான் சொல்லமாட்டேன். அதற்குள் ஒரு வலி இருக்கிறது, மதிப்பு அதை எடுத்துவிடாது.

டார்வினைத் திரும்ப இழுக்கிறேன். அவர் மனைவி எம்மா ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். 1839இல், கல்யாணமான புதிதில், கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இறந்த பிறகும் நாம் என்றென்றைக்கும் சேர்ந்திருப்போம் என்ற எண்ணம் எனக்கு வேண்டும், அது இல்லாமல் போனால் தாங்கமாட்டேன் என்பது அதன் சாரம். டார்வின் அதற்கு எதிர்வாதம் எழுதவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதன் அடியில் ஒரு குறிப்பு எழுதினார்: நான் இறந்த பிறகு, இதை நான் எத்தனையோ முறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

என் கணவர் ஒரு தடவை கேட்டார், "செத்தப்புறம் நான் மட்டும் தனியா இருக்கணுமா?" விளையாட்டாக ஆரம்பித்தார், குரல் நடுவில் மாறிவிட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னமும் தெரியவில்லை.

ஏப்ரல் 11

மகளுக்கு ஒன்பது வயது. நேற்று பாத்திரம் கைதவறி விழுந்ததும் "கடவுளே!" என்று கத்திவிட்டேன். ஓடிவந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்: "உனக்குத்தான் அவர் இல்லையேம்மா, யாரைக் கூப்பிடறே?" இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

உண்மையில் நம் பேச்சு முழுக்க அவர்தான் இருக்கிறார். ஆண்டவா, புண்ணியமாப் போச்சு, தலையெழுத்து, விதி, "பாவம் அந்தப் பொண்ணு". ஒருவர் துக்கத்தைப் பார்த்துப் "பாவம்" என்று சொல்லும்போது எந்தக் கணக்கேட்டையும் நினைத்துச் சொல்வதில்லை, மனசு இளகித்தான் சொல்கிறோம். ஆரம்பத்தில் இந்தச் சொற்களை எல்லாம் பொறுக்கி எறியப் பார்த்தேன். பேச்சு கட்டையாகிவிட்டது. விட்டுவிட்டேன். பாட்டும் அப்படித்தான். சிறுவயதிலிருந்து பாடிய பக்திப் பாட்டுகளைத்தான் மகளைத் தூங்கவைக்கப் பாடினேன். வேறு பாட்டு எனக்குத் தெரியாது என்பது மட்டும் காரணமில்லை. அந்த மெட்டில் என் அம்மாவின் குரல் இருக்கிறது.

ஜூன் 8

ஜனவரி 10 அன்று எழுதிய ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். யாருக்காகவும் பொய்யாகக்கூடச் சேர்ந்து பிரார்த்தனை செய்யாதீர்கள் என்றேன். உறுதியாக இருக்கிறேன் என்றும் சொன்னேன். அதை எழுதும்போதே எனக்கு உறுத்தியது. ஏனென்றால் நான் செய்தேன்.

2019இல் அம்மாவின் கடைசி வாரம். நான் நம்புவதில்லை என்று அவருக்கு ஏழு வருடமாகத் தெரியும். முதல் இரண்டு வருடம் சண்டை, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். அன்று மத்தியானம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றிக்கொண்டிருந்தேன். "சொல்லேன்" என்றார். எதை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் எனக்கு மூன்று வயதில் சொல்லிக்கொடுத்த பிரார்த்தனை.

ஒரு நிமிடம் போல யோசித்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ஏழு வருடமாக வாயில் வராதது, நாலாவது வரியை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போய்விட்டேன். அம்மாவின் கண் மூடியே இருந்தது. ஆனால் விரல் மட்டும் என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டியது. சின்ன வயதில் தப்பாகச் சொன்னால் அப்படித்தான் தட்டுவார். திரும்பிப் போய் நாலாவது வரியைச் சொன்னேன். விரல் நின்றது.

அது பொய்யா? இரண்டு வருடம் அதை நினைத்து உழன்றேன். அந்த அறையில் நான் கடவுளிடம் பேசவில்லை, அம்மாவிடம் பேசினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும், நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனாரா, அல்லது எல்லாம் தெரிந்துதான் கேட்டாரா? இது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. மறுமை இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இல்லாததால் இந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கும்.

ஆகவே ஜனவரி 10 குறிப்பை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வேறு விதி எதுவும் என்னிடம் இல்லை.

ஜூன் 9

"மரணத்தை எப்படித் தாங்குகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் எபிகூரஸைச் சொல்வார்கள். கி.மு. 341 முதல் 270 வரை வாழ்ந்த கிரேக்கத் தத்துவ அறிஞர். நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை, பிறகு ஏன் பயம் என்பது அவர் வாதம். என் சாவுக்கு அது போதும், உண்மையாகவே போதும். அம்மாவின் சாவுக்கு அது உதவவில்லை. அம்மா இல்லாதபோது நான் இருக்கிறேனே.

உதவியது ஒன்றே ஒன்று. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க" என்றார்கள். எனக்கு அதில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த பழைய ஸ்நேகிதி மட்டும் வந்து உட்கார்ந்து, "உங்கம்மா பெருக்கல்ல எப்பவும் ஏழாம் வாய்ப்பாட்டுலதான் தடுக்கி விழுவா" என்றார். ஒரு மணி நேரம் அம்மாவைப் பற்றியே பேசினார். துக்க வீட்டுக்கு இப்போது நான் போனால் அதைத்தான் செய்கிறேன். இறந்தவரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுபோகிறேன்.

ஜூலை 21

நன்றியை என்ன செய்வது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. தத்துவ அறிஞர் டேனியல் டென்னெட்டுக்கு 2006இல் பெருந்தமனியில் கிழிசல் ஏற்பட்டு ஒன்பது மணி நேர அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து வந்தவர் ஒரு கட்டுரை எழுதினார். கடவுளுக்கு நன்றி என்பதற்குப் பதிலாக டாக்டர்கள், நர்சுகள், துப்புரவு செய்தவர்கள், கருவிகளைச் செய்தவர்கள், தவறுகளைத் திருத்தித் திருத்தி மருத்துவத்தை வளர்த்தவர்கள் என்று நன்றியைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

அதைப் படித்த பிறகு தம்பிக்கு அன்றிரவு யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதிவைத்தேன். ரத்தம் கொடுத்தவர்கள் நாலு பேர். சாலையிலிருந்து தூக்கிப் போட்டவர் ஒரு ஆட்டோ டிரைவர், அவரைத் தேடியும் கிடைக்கவில்லை. அவருக்குச் சொல்லவேண்டிய நன்றி மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. ரத்த தானம் செய்யப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 30

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: இப்போது தூக்கம் வருகிறது, ஆனால் இன்னமும் சில இரவுகளில் பேசிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தே பேசுகிறேன், பரவாயில்லையா என்று. பரவாயில்லை. பேசுங்கள். பேசி முடித்த பிறகு, அதில் உயிரோடு இருக்கிற யாரிடமாவது சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் இருந்தால், அதை மட்டும் மறுநாள் அவரிடம் சொல்லுங்கள்.

நவம்பர் 17

தம்பி ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தன் நண்பனின் அம்மாவைப் பார்க்கப் போவான். இந்த வருடம் நானும் போனேன். பன்னிரண்டு வருடமாக நான் போகவே இல்லை என்பதை இங்கே இதுவரை எழுதாமல் இருந்தேன். வெட்கம்தான் காரணம். அந்த நாற்காலி ஆடியது என் முதுகில் இன்னும் இருக்கிறது.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "ஃபோனை நிறுத்திக் குடுத்த பொண்ணு" என்றார். தம்பி வெளியே வண்டியை ஓரமாக நிறுத்தப் போயிருந்தான். சட்டென்று கேட்டார்: "இப்பல்லாம் கும்பிடறியாம்மா?" பொய் சொல்ல வரவில்லை. "இல்லைங்கம்மா. அன்னையிலேருந்தே குறைஞ்சு போச்சு" என்றேன்.

தலையாட்டினார். "நானும் நிறுத்திட்டேன். மூணு வருஷம். அப்புறம் திரும்ப ஆரம்பிச்சுட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "திட்டறதுக்கு யாராவது வேணுமே. தினமும் ராத்திரி உக்காந்து திட்டுவேன். உன் தம்பியத் திட்ட முடியுமா? வருஷா வருஷம் வந்து நிக்கிறானே, பாவம்."

என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பத்து மாதமாக இங்கே இவ்வளவு எழுதியிருக்கிறேன். அவரிடம் சொல்ல அதில் ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. தம்பி உள்ளே வரும் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வண்டிய மெதுவா ஓட்டறானா?"

"மெதுவாத்தான் ஓட்டறான்மா" என்றேன்.